"வட்டிய சேத்து எழுதிடட்டுமா?": கூட்டு வட்டி நம்ம கடன்லயும் சேமிப்புலயும் என்ன பண்ணுதுன்னு ஒரு முழு வழிகாட்டி

எங்க அம்மாவோட அஞ்சு பவுன் சங்கிலி 2015-ல எங்க ஊரு அடகுக்கடை ஒண்ணுக்கு போச்சு. அப்பாவுக்கு திடீர்னு ஆபரேஷன், கையில காசு இல்ல, 60,000 ரூபாய்க்கு வெச்சாங்க, ரெண்டு ரூபா வட்டி. ஒரு வருஷம் கழிச்சு அம்மா கடைக்கு போனப்போ வட்டி கட்ட காசு இல்ல, கடைக்காரர் ரொம்ப தன்மையா "பரவால்லம்மா, வட்டிய சேத்து எழுதிடட்டுமா?"ன்னு கேட்டிருக்காரு. அம்மாவும் பெரிய உதவின்னு நெனச்சு சரின்னுட்டாங்க. அடுத்த வருஷமும் அதே, அதுக்கடுத்த வருஷமும் அதே.

நான் வேலைக்கு போயி அத மீட்கலாம்னு 2019-ல ரசீத கேட்டேன். அரிசி டின்னுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் கவர்ல நாலா மடிச்சு வெச்சிருந்தாங்க, ரோஸ் கலர் ரசீது நாலு. முதல் ரசீதுல 60,000. ரெண்டாவதுல 74,400. மூணாவதுல 92,250. நாலாவதுல 1,14,400. அந்த வருஷ வட்டியையும் சேத்தா 1,41,850 கிட்ட கட்டணும். அன்னிக்கு விலைக்கு அந்த சங்கிலிய வித்தாகூட அவ்வளவு வராது. சங்கிலி முழுகிடுச்சு. அம்மா அத வாய்விட்டு சொல்லவே இல்ல, ரசீத மட்டும் மறுபடி மடிச்சு உள்ள வெச்சாங்க.

அந்த நாலு ரசீது தான் எனக்கு கூட்டு வட்டிய, அதாவது வட்டிக்கே வட்டி போடுறத, சொல்லிக்குடுத்துச்சு. ஸ்கூல்ல ஃபார்முலா படிச்சேன், மார்க்கும் வாங்கினேன், ஆனா வீட்டுக்குள்ள நடந்தது தெரியல. இத யாராவது எங்க அம்மாவுக்கு 2016-ல சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு இன்னிக்கும் தோணும், அதனால தான் உக்காந்து முழுசா எழுதுறேன். கடன், சேமிப்பு, முதலீடு மூணுக்கும் ஒரே ஒரு கேள்விய வெச்சுக்கிட்டு போகலாம்: வட்டி எந்த நாள்ல அசல் ஆகுது? கடன்ல அந்த நாள வரவிடக்கூடாது. சேமிப்புல அந்த நாள தடுக்கக்கூடாது.

முதல் ஸ்டெப்: எந்த வட்டியா இருந்தாலும் வருஷ சதவீதமா மாத்துங்க

நம்ம ஊர்ல வட்டிய ரூபாயில பேசுறது தான் முதல் சிக்கல். ரெண்டு ரூபா வட்டின்னா காதுக்கு சின்னதா கேக்கும். நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபா, அதாவது வருஷத்துக்கு 24 சதவீதம். மூணு ரூபா வட்டி 36. அஞ்சு ரூபா வட்டி 60. பேங்க் காரங்க சொல்ற 9 சதவீதத்தையும் அடகுக்கடை சொல்ற ரெண்டு ரூபாயையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா 2 தான் சின்ன நம்பரா தெரியும், அங்க தான் ஏமாந்து போறோம். முதல்ல பன்னெண்டால பெருக்குங்க.

அப்புறம் மாசா மாசம் வட்டி அசலோட சேருதுன்னா கணக்கு இன்னும் ஏறும். ஃபோன் கால்குலேட்டர்ல 1.02-ஐ பன்னெண்டு தடவ பெருக்கிப் பாருங்க, 1.268 வரும், அதாவது 24 இல்ல, 26.8 சதவீதம். மூணு ரூபா வட்டி இப்படி சேந்தா 42.6 சதவீதம். அஞ்சு ரூபா வட்டி 79.6. வட்டி கூடக்கூட வட்டியோட குட்டி இன்னும் வேகமா கூடுது.

இன்னொரு சுலபமான கணக்கு, 72-ஐ வருஷ வட்டியால வகுத்தா பணம் ரெண்டு மடங்காக எத்தன வருஷம்னு ஏறக்குறைய தெரிஞ்சிடும். போஸ்ட் ஆஃபீஸ்ல கிசான் விகாஸ் பத்திரம் 7.5 சதவீதத்துல 115 மாசத்துல டபுள் ஆகும்னு போட்டிருப்பாங்க. 72-ஐ 7.5-ஆல வகுங்க, 9.6 வருஷம், அதாவது 115 மாசம். அப்படியே பொருந்தும். இப்போ 24-ஆல வகுங்க, 3 வருஷம். எங்க அம்மாவோட நாலாவது ரசீது, அதாவது மூணு வருஷம் முடிஞ்சப்போ போட்டது, 1,14,400. அறுபதாயிரத்துக்கு கிட்டத்தட்ட டபுள். அன்னிக்கு இந்த 72 கணக்கு தெரிஞ்சிருந்தா முதல் நாளே சொல்லியிருக்கலாம், மூணு வருஷத்துக்கு மேல இத விட்டா சங்கிலி நமக்கில்லன்னு.

இன்னொரு பொறி இருக்கு, ஃப்ளாட் வட்டி. பைக் லோன், வீட்டு சாமான் லோன்ல "ஃப்ளாட் 10 தான் சார்"னு சொல்லுவாங்க. ஒரு லட்சம், மூணு வருஷம், வருஷத்துக்கு பத்தாயிரம் வட்டி, மொத்தம் 1,30,000, மாசத் தவணை 3,611. ஆனா நீங்க மாசா மாசம் அசலையும் சேத்து திருப்பிக் குடுக்குறீங்க, கடைசி வருஷத்துல உங்க கையில அந்த ஒரு லட்சம் இல்லவே இல்ல, ஆனா வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் போகுது. குறையுற பாக்கிக்கு கணக்கு போட்டா உண்மையான வட்டி 18 சதவீதம் கிட்ட வரும். 2024 அக்டோபர் 1-ல இருந்து பேங்க், ஃபைனான்ஸ் கம்பெனி எல்லாம் கடன் குடுக்கும்போது கே.எஃப்.எஸ்-னு ஒரு முக்கிய தகவல் தாள் குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு, அதுல ஏபிஆர்-னு ஒரு நம்பர் இருக்கும், ப்ராசஸிங் ஃபீஸ் மாதிரி செலவும் சேந்த வருஷ சதவீதம் அது. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அந்த ஒரு நம்பர கேட்டு வாங்கிப் பாருங்க, வாய்ல சொல்ற நம்பர நம்பாதீங்க.

ரெண்டாவது ஸ்டெப்: உங்க ஒவ்வொரு கடன்லயும் வட்டி அசலாகுற நாள கண்டுபிடிங்க

ஒரு நோட்டு எடுத்துக்கோங்க. வீட்ல இருக்குற கடன் எல்லாத்தையும் வரிசையா எழுதுங்க, பாக்கி எவ்வளவு, வருஷ வட்டி எவ்வளவு, வட்டி கட்டலன்னா அது எப்போ அசலோட சேரும். இந்த மூணாவது கட்டம் தான் நிறைய பேருக்கு தெரியாது, கேட்டு எழுதுங்க. கடன் வகைய பொறுத்து இது மொத்தமா மாறும்.

*நகைக்கடன்.* வருஷக் கடைசி தான் அந்த நாள், ரசீத மாத்தி எழுதுற நாள். மாசா மாசம் வட்டி கட்ட முடிஞ்சா கட்டிடுங்க. 60,000-க்கு ரெண்டு ரூபா வட்டின்னா மாசம் 1,200. எங்க அம்மா அத கட்டியிருந்தா நாலு வருஷம் கழிச்சும் கடன் அதே 60,000 தான். முழுசா முடியலன்னா பாதியாவது கட்டுங்க, வருஷக் கடைசில சேத்து எழுதுற தொகை அந்த அளவுக்கு குறையும். இதவிட நல்ல வழி, அதே நகைய பேங்குக்கோ கூட்டுறவு சங்கத்துக்கோ மாத்துறது. வருஷம் 9.5 சதவீதம்னு வெச்சா 60,000-க்கு வட்டி 5,700, ரெண்டு ரூபா வட்டியில 14,400. நகை மீட்க ஒரு நாள் கைமாத்து வாங்கணும், அலையணும், உண்மை தான். ஆனா வருஷம் 8,700 ரூபா மிச்சம்.

*கிரெடிட் கார்டு.* இதுல அந்த நாள் ஒவ்வொரு மாசமும் வருது. மாசம் 3.5 சதவீதம்னு வெச்சுக்கோங்க, வருஷத்துக்கு 42, சேந்து சேந்து வந்தா 51 சதவீதம். ஐம்பதாயிரம் பாக்கி இருக்கு, மினிமம் டியூ 5 சதவீதம்னு 2,500 கட்டுறீங்க. அந்த மாச வட்டி 1,750, அதுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் 315, ஆக 2,065 அதுலயே போயிடுச்சு. அசல்ல கழிஞ்சது 435 ரூபா. மாசம் 2,500 கட்டுறோமேன்னு மனசுக்கு நிம்மதியா இருக்கும், கடன் இருந்த இடத்துலயே இருக்கும். அதோட பாக்கி வெச்சுட்டா புதுசா வாங்குற பொருளுக்கு கெடைக்கிற வட்டியில்லா நாளும் போயிடும், நேத்து வாங்கின மளிகைக்கும் நேத்துல இருந்தே வட்டி. கார்டுல பாக்கி இருந்தா முதல்ல அந்த கார்ட தேய்க்கிறத நிறுத்துங்க, அப்புறம் குறைஞ்ச வட்டிக்கு ஒரு பர்சனல் லோனோ நகைக்கடனோ போட்டாவது முழுசா அடைச்சுடுங்க. கார்டுல இருந்து ஏடிஎம்-ல பணம் எடுக்குறதுக்கு வட்டியில்லா நாளே கெடையாது, எடுத்த நிமிஷத்துல இருந்து வட்டி ஓடும்.

*கல்விக்கடன்.* நம்ம ஊர்ல இன்ஜினியரிங், நர்சிங் படிக்க இத எடுக்காத தெரு இல்ல, ஆனா இதுல இருக்குற ஒரு விஷயம் பல பேருக்கு தெரியறதில்ல. பொதுவா பேங்க் கல்விக்கடன்ல படிக்கிற காலத்துலயும் அதுக்கப்புறம் குடுக்குற அவகாசத்துலயும் தனி வட்டி தான் போடுவாங்க. தவணை ஆரம்பிக்கிற அன்னிக்கு அதுவரைக்கும் சேந்த மொத்த வட்டியும் அசலோட சேரும். அந்த ஒரு நாள் தான்.

கணக்கு பாருங்க. வருஷம் ஒரு லட்சம் வீதம் நாலு வருஷம், 10 சதவீதம், படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் அவகாசம். முதல் லட்சத்துக்கு அஞ்சு வருஷ வட்டி 50,000, ரெண்டாவதுக்கு 40,000, அப்புறம் 30,000, 20,000. மொத்தம் 1,40,000. நாலு லட்சம் கடன் எடுத்த பையனுக்கு தவணை ஆரம்பிக்கிற அன்னிக்கு கடன் 5,40,000. பத்து வருஷ தவணைன்னா மாசம் 7,136. நடுவுல வட்டிய மட்டும் கட்டிட்டு வந்திருந்தா மாசம் 5,286. மாச வித்தியாசம் 1,850, பத்து வருஷத்துக்கு 2,22,000. அதாவது 1,40,000 வட்டிய அன்னன்னிக்கு கட்டாததால அது 2,22,000 ஆகுது.

அன்னன்னிக்கு கட்டுறதுன்னா எவ்வளவு? முதல் வருஷம் மாசம் 833, ரெண்டாவது வருஷம் 1,667, மூணாவது வருஷம் 2,500, அதுக்கப்புறம் 3,333. முதல் ரெண்டு வருஷம் நிறைய வீட்டால முடியும், அதையாவது பண்ணுங்க. படிக்கும்போதே வட்டி கட்டினா வட்டி விகிதத்துல 1 சதவீதம் குறைக்கிற பேங்கும் இருக்கு. குடும்ப வருமானம் வருஷம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா, தொழிற்கல்வி படிப்புகளுக்கு அந்த அவகாச கால வட்டிய மத்திய அரசே கட்டுற மானியத் திட்டம் ஒண்ணு இருக்கு, பேங்க்ல போயி வாய்விட்டு கேக்கணும், வருமானச் சான்றிதழ் குடுக்கணும். கேக்காம விட்டா யாரும் வீடு தேடி வந்து குடுக்க மாட்டாங்க.

*வீட்டுக்கடன்.* இத கொஞ்சம் நின்னு பாக்கணும், ஏன்னா பெரிய காசு இங்க தான் போகுது.

30 லட்சம், 8.5 சதவீதம், 20 வருஷம். இஎம்ஐ 26,035. முதல் மாசம் கட்டுற 26,035-ல வட்டி 21,250, அசல் வெறும் 4,785. அஞ்சு வருஷத்துல 15.6 லட்சம் கட்டியிருப்பீங்க, பாக்கி பாத்தா 26.4 லட்சம் இருக்கும். நிறைய பேர் ஸ்டேட்மென்ட்ட பாத்து பேங்க் ஏமாத்திடுச்சுன்னு நெனைப்பாங்க. ஏமாத்தல, கணக்கே அப்படித்தான், பெரிய பாக்கிக்கு பெரிய வட்டி முதல்ல போகுது.

ஒழுங்கா இஎம்ஐ கட்டுற வரைக்கும் இதுல வட்டி அசலாகுறதே இல்ல, அந்தந்த மாச வட்டிய அந்தந்த மாசமே தீத்துடறோம். கட்டாம விட்டா தான் ஆகும். இதுக்கு 2020 கொரோனா காலத்தவிட நல்ல பாடம் கெடையாது. மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஆறு மாசம் இஎம்ஐ கட்ட வேண்டாம்னு ரிசர்வ் பேங்க் அவகாசம் குடுத்துச்சு. வட்டி தள்ளுபடி இல்ல, தள்ளிப்போடுறது மட்டும் தான். அப்போ வட்டிக்கு வட்டி போடலாமான்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் கேஸ் போச்சு, 2 கோடி வரைக்கும் உள்ள கடன்களுக்கு கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் இருக்குற வித்தியாசத்த மத்திய அரசு திருப்பிக் குடுத்துச்சு, 2021 மார்ச்ல கோர்ட் யாருக்குமே அந்த காலத்துக்கு வட்டிக்கு வட்டி கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு.

அந்த வித்தியாசம் நம்ம உதாரணத்துல எவ்வளவு தெரியுமா? ஆறு மாச தனி வட்டி 1,27,500. கூட்டு வட்டி 1,29,779. திரும்ப வர்றது 2,279 ரூபா. எல்லாரும் அந்த ரெண்டாயிரத்த பத்தி பேசிக்கிட்டு இருந்தோம், மிச்சம் 1,27,500 அசலோட போயி உக்காந்துக்கிச்சு. கடன் எடுத்த புதுசுல இந்த அவகாசத்த எடுத்திருந்து, இஎம்ஐ-யும் அதே 26,035-ன்னா, 240 தவணையில முடிய வேண்டியது 270 தவணை போகும். ஆறு மாசம் கட்டாததுக்கு முப்பது மாசம் கூடுதல் தவணை. அன்னிக்கு சம்பளமே வராதவங்களுக்கு வேற வழி இல்ல, அவங்கள நான் சொல்லல. காசு இருந்தும் "எல்லாரும் எடுக்குறாங்களே"ன்னு எடுத்தவங்க நிறைய பேர், அவங்களுக்கு பக்கத்துல உக்காந்து இந்த முப்பது மாச கணக்க யாரும் போட்டுக் காட்டல.

இதே கணக்கு திருப்பிப் போட்டா நமக்கு லாபம். வருஷத்துக்கு ஒரு இஎம்ஐ மட்டும் கூடுதலா கட்டுங்க, போனஸ் வரும்போதோ, சீட்டு எடுக்கும்போதோ. 20 வருஷ கடன் 16 வருஷம் 8 மாசத்துல முடிஞ்சிடும், வட்டியில 6 லட்சத்துக்கு மேல மிச்சம். தனி நபர் எடுத்த ஃப்ளோட்டிங் வட்டி (அப்பப்போ ஏறி இறங்குற வட்டி) வீட்டுக்கடன முன்கூட்டியே அடைச்சா அபராதம் போடக்கூடாதுன்னு விதி இருக்கு, தைரியமா கட்டுங்க. கட்டும்போது இஎம்ஐ-ய குறைக்காம காலத்த குறைக்கச் சொல்லி எழுதிக் குடுங்க.

ஆரம்பத்துலயே 30 வருஷம் போடலாம், இஎம்ஐ கம்மியா வரும்னு சொல்லுவாங்க. வரும், 23,067. மாசம் 2,968 மிச்சம். அதுக்கு விலை, மொத்த வட்டி 32.5 லட்சத்துல இருந்து 53 லட்சம் ஆகுது. வட்டி விகிதம் ஏறும்போதும் இப்படித்தான், இஎம்ஐ மாறாம காலம் மட்டும் நமக்கு தெரியாமலே நீளும். 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்க் போட்ட உத்தரவுப்படி இஎம்ஐ-ய ஏத்துறதா காலத்த நீட்டுறதான்னு கடன் வாங்கினவங்க தேர்ந்தெடுக்கலாம். வருஷம் ஒரு தடவ உங்க கடன்ல இன்னும் எத்தன மாசம் பாக்கின்னு ஆப்ல பாருங்க, போன வருஷத்துக்கு பன்னெண்டு குறைஞ்சிருக்கணும்.

*தண்டல், மீட்டர் வட்டி.* 10,000-ன்னு பேசி கையில 8,500 குடுப்பாங்க, தினம் 100 வீதம் நூறு நாள். 1,500 தானேன்னு இருக்கும். தினம் திருப்பிக் குடுத்துக்கிட்டே இருக்குறதால சராசரியா நம்ம கையில இருந்தது அதுல பாதி தான், கணக்கு போட்டா வருஷத்துக்கு 120 சதவீதம் வட்டி. அறுபதாவது நாள் வந்து "பழச கழிச்சுட்டு புதுசா குடுக்கவா"ன்னு கேப்பாங்க பாருங்க, அது தான் இங்க சேத்து எழுதுறது. அத மட்டும் ஒத்துக்காதீங்க, இருக்குறத முடிச்சுட்டு வெளிய வாங்க. தமிழ்நாட்டுல 2003-ல வந்த கந்துவட்டி தடைச் சட்டத்துல தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டின்னு பேரோட போட்டிருக்கு, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் தண்டனை உண்டு. மிரட்டினா கலெக்டர் ஆஃபீஸ்லயோ போலீஸ்லயோ மனு குடுக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

மூணாவது ஸ்டெப்: சேமிப்புல அதே கேள்விக்கு "சரி"ன்னு சொல்லுங்க

போன வருஷம் அம்மாவோட பேர்ல போட்டிருந்த ஒரு லட்ச ரூபா எஃப்டி முதிர்வு வந்துச்சு. நானும் கூட போயிருந்தேன். கவுன்டர்ல இருந்த பொண்ணு சிஸ்டத்த பாத்துக்கிட்டே "வட்டிய சேத்து ரினியூ பண்ணிடட்டுமாம்மா?"ன்னு கேட்டுச்சு. அம்மா முகம் மாறிடுச்சு. "வேணாம் வேணாம், வட்டிய கையில குடுத்துடுங்க"ன்னாங்க. அந்த பொண்ணுக்கு ஒண்ணும் புரியல. எனக்கு புரிஞ்சுது. அம்மாவ ஓரமா சேர்ல உக்கார வெச்சு, பேங்க் சலான் பின்னாடியே எழுதிக் காட்டினேன், அங்க நாம குடுக்க வேண்டியவங்க, இங்க பேங்க் நமக்கு குடுக்க வேண்டியவங்க, இங்க சேத்து எழுதினா வளர்றது நம்ம பணம்.

எழுதிக் காட்டின கணக்கு இது தான். ஒரு லட்சம், 7 சதவீதம், பத்து வருஷம். வட்டிய வருஷா வருஷம் கையில வாங்கினா 7,000 வீதம் 70,000 வரும், ஆக 1,70,000. வாங்காம விட்டா, பேங்க் எஃப்டி-ல மூணு மாசத்துக்கு ஒரு தடவ வட்டி அசலோட சேரும், பத்து வருஷத்துல 2,00,160. வித்தியாசம் 30,000. ஃபார்ம்ல குமுலேட்டிவ்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல டிக் போடணும். வட்டிய வெச்சு தான் மாச மருந்து வாங்கணும்னு இருக்குற பெரியவங்க மட்டும் மாச வட்டி வாங்குங்க, அதுல தப்பே இல்ல, பணம் அதுக்கு தானே.

எஃப்டி வட்டிக்கு வரி உண்டுங்கறத மறக்காதீங்க. 30 சதவீத ஸ்லாப்ல இருக்குறவங்களுக்கு 7 சதவீதம்ங்கறது வரி போக 4.9 தான், 72-ஐ அதால வகுத்தா டபுளாக பத்து வருஷம் இல்ல, கிட்டத்தட்ட 15 வருஷம். விலைவாசி அதுக்குள்ள எங்கயோ போயிருக்கும். குமுலேட்டிவ்ல வட்டி கைக்கு வரலன்னாலும் வருஷா வருஷம் வருமானத்துல காட்டணும்.

பிபிஎஃப்-ல, அதாவது போஸ்ட் ஆஃபீஸ்லயும் பேங்க்லயும் போடுற 15 வருஷ அரசு சேமிப்புத் திட்டத்துல, வட்டிக்கு வரி இல்ல. 2020 ஏப்ரல்ல இருந்து 7.1 சதவீதம். இதுல ஒரு சின்ன விஷயம் தெரிஞ்சவங்களுக்கு தான் தெரியும்: ஒவ்வொரு மாசமும் 5-ஆம் தேதியில இருந்து மாசக் கடைசி வரைக்கும் கணக்குல இருந்த குறைஞ்ச தொகைக்கு தான் வட்டி. 6-ஆம் தேதி போட்டா அந்த மாச வட்டி போச்சு. சேந்த வட்டி எல்லாம் மார்ச் 31-ல அசலாகும். வருஷத்துக்கு ஒரே தடவ போடுறவங்க ஏப்ரல் 5-க்குள்ள போடுங்க, வரி மிச்சம் பண்ண மார்ச் கடைசி வாரத்துல ஓடுறத விட்டுடுங்க, அதுல முழு வருஷ வட்டி போகுது.

வருஷம் 50,000 வீதம் ஏப்ரல்லயே போட்டு வந்தா 15 வருஷத்துல போட்டது 7.5 லட்சம், கையில 13.56 லட்சம். அங்க நிறைய பேர் எடுத்துடுவாங்க. எடுக்காம, ஒரு ரூபா கூட புதுசா போடாம, அஞ்சு வருஷம் நீட்டிச்சா 19.1 லட்சம். முதல் 15 வருஷத்துல வந்த வட்டியே 6 லட்சம் தான், சும்மா விட்ட அஞ்சு வருஷத்துல 5.5 லட்சம். கூட்டு வட்டி வேல செய்யுறது கடைசியில தான், ஆரம்பத்துல பாத்தா சலிப்பா இருக்கும்.

பத்து வயசுக்குள்ள பொண்ணு இருந்தா செல்வமகள் திட்டத்த விடாதீங்க, 2024 ஜனவரியில இருந்து 8.2 சதவீதம், மூணு மாசத்துக்கு ஒரு தடவ அரசு மாத்தலாம். வருஷம் 12,000 வீதம் 15 வருஷம் போட்டா 1.8 லட்சம், இதே வட்டி நீடிச்சா 21-ஆவது வருஷம் 5.7 லட்சம் கிட்ட வரும்.

நாலாவது ஸ்டெப்: முதலீட்டுல வளர்ச்சிய மட்டும் பாக்காதீங்க, கசிவையும் பாருங்க

மியூச்சுவல் ஃபண்ட்ல மாசா மாசம் பணம் போடுற எஸ்ஐபி விளம்பரத்துல கூட்டு வட்டின்னு சொல்லுவாங்க, அது வட்டி இல்ல. யாரும் வாக்கு குடுக்கல, ஒரு வருஷம் ஏறும் ஒரு வருஷம் இறங்கும். நூறு ரூபா 20 சதவீதம் ஏறி 120 ஆகி, அப்புறம் 20 சதவீதம் இறங்கினா 96. நீண்ட காலத்துல சேந்து வளரும்ங்கற எதிர்பார்ப்பு தான், அதனால அஞ்சு வருஷத்துக்குள்ள வேணும்ங்கற பணத்த, பொண்ணு கல்யாணத்துக்கு வெச்ச பணத்த, இதுல போடாதீங்க.

கூட்டு வட்டி உறுதியா வேல செய்யுற ஒரு இடம் இதுல இருக்கு, கமிஷன். ஒரே ஃபண்டுல ரெகுலர், டைரக்ட்னு ரெண்டு இருக்கும். ரெகுலர்ல ஏஜென்ட் கமிஷன் உங்க பணத்துல இருந்தே வருஷா வருஷம் போகும், டைரக்ட் 2013 ஜனவரியில இருந்து இருக்கு. ரெண்டுக்கும் 1 சதவீதம் வித்தியாசம்னு வெச்சுப்போம். மாசம் 5,000, 25 வருஷம், நீங்க போட்டது 15 லட்சம். 12 சதவீதம் வளர்ந்தா 94.9 லட்சம், 11 சதவீதம்னா 79.5 லட்சம். வித்தியாசம் 15 லட்சத்துக்கு மேல, நீங்க வாழ்க்கை முழுக்க போட்ட தொகை அவ்வளவு. நல்லா வழிகாட்டுற, சந்தை விழும்போது விக்காதீங்கன்னு கையப் புடிச்சு நிறுத்துற ஆள் இருந்தா அந்த கமிஷன் தகும். வருஷத்துக்கு ஒரு காலண்டர் குடுத்துட்டு போறவருக்கு தகாது.

"மாசம் 10 சதவீதம் தர்றோம்"னு யாராவது வந்தா கால்குலேட்டர எடுங்க. மாசம் 10 சதவீதம் உண்மையிலயே சம்பாதிக்க முடியும்னா ஒரு லட்சம் ஒரு வருஷத்துல 3.14 லட்சம், அஞ்சு வருஷத்துல 3 கோடி. அது முடிஞ்சவருக்கு உங்க ஒரு லட்சம் எதுக்கு? ஈமு கோழியில இருந்து இன்னி வரைக்கும் பேர் தான் மாறுது, நம்ம ஊர்ல எத்தன வீடு போச்சு.

அஞ்சாவது ஸ்டெப்: கையில காசு வந்தா எத முதல்ல பாக்குறது

நோட்டுல எழுதின பட்டியல எடுங்க, வட்டி அதிகமா இருக்குறது மேல வர்ற மாதிரி அடுக்குங்க. தண்டல், கிரெடிட் கார்டு, தனியார் அடகு, இந்த மூணும் இருக்கும்போது எஸ்ஐபி போடாதீங்க, எஃப்டி இருந்தாலும் ஒடைச்சு இத அடைங்க. எஃப்டி ஒடைச்சா பேங்க் கொஞ்சம் வட்டிய குறைக்கும், போகட்டும். 42 சதவீத கடன அடைக்கிறது, 42 சதவீத லாபம் உறுதியா வர்ற முதலீட்டுக்கு சமம், அப்படி ஒண்ணு வேற எங்கயும் இல்ல.

அது முடிஞ்சதும் மூணு மாச வீட்டுச் செலவ தனி கணக்குல வெச்சிடுங்க. வீட்டுக்கடன் அடைக்கிறத விட இது முக்கியம்னு நான் நெனைக்கிறேன், ஏன்னா எங்க வீட்ல அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு அந்த அறுபதாயிரம் பேங்க்ல இருந்திருந்தா சங்கிலி கழுத்துலயே இருந்திருக்கும். அதுக்கப்புறம் வர்றதுல பாதிய வீட்டுக்கடன்லயும் பாதிய பிபிஎஃப், எஸ்ஐபி-ன்னும் பிரிக்கலாம். வயசும் வேலையும் பாத்து கொஞ்சம் அப்படி இப்படி ஆகும், அதுல ஒரே பதில் கெடையாது.

கடைசியா அந்த நோட்டுல தேதிகள தனியா ஒரு பக்கத்துல எழுதி ஃபோன்ல அலாரம் வைங்க. நகை மாத்துற தேதிக்கு ஒரு மாசம் முன்னாடி, கார்டு பில் தேதிக்கு மூணு நாள் முன்னாடி, கல்விக்கடன் தவணை ஆரம்பிக்கிறதுக்கு ஆறு மாசம் முன்னாடி, பிபிஎஃப்-க்கு ஏப்ரல் 1. எங்க வீட்ல அந்த நோட்டு அம்மா கிட்ட தான் இருக்கு. அரிசி டின்ல இல்ல, டிவி மேல, எல்லாரும் பாக்குற மாதிரி.